ஜோடியைக் கடையில் தேடாதே, தம்பி

தம்பி, மீன் கடைக்குப் போய், "அண்ணே, ஏஞ்சல்ல ஒரு ஜோடி குடுங்க" என்று மட்டும் கேட்டுவிடாதே. கடைக்காரர் வலையை விட்டு, அகப்பட்ட இரண்டைப் பையில் போட்டுக் கொடுப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஏஞ்சல் குஞ்சில் எது ஆண், எது பெண் என்று பார்த்த பார்வையில் பிரித்துச் சொல்ல, வருஷக்கணக்காக மீன் வளர்க்கிறவர்களாலும் ஆகாது. அப்படியே ஆணும் பெண்ணுமாக அமைந்துவிட்டாலும் இரண்டும் சேரும் என்று எந்த உறுதியும் கிடையாது. ஏஞ்சல் மாதிரி சிக்லிட் வகை மீன்கள் துணையைத் தாமே பார்த்து முடிவு செய்கிறவை. பிடிக்காத துணையோடு ஒரு தொட்டியில் அடைத்தால், ஒன்று மற்றதைக் கடித்தே கொன்றுவிடும்.

அதனால் ஆறு குஞ்சு வாங்கு. சேர்த்து வளர். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. இரண்டு மீன் வாங்கினால் ஆணும் பெண்ணுமாக அமையப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. ஆறு வாங்கினால், ஆறும் ஒரே பாலாக அமைந்துபோக 32-இல் ஒரு பங்குதான் வாய்ப்பு. அதோடு, ஆறு பேருக்குள் ஒன்றுக்கு ஒன்று பிடித்துப்போக இடம் இருக்கிறது.

சிக்லிட் என்றதும் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்காதே. உலகத்தில் 1,700-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அதில் மூன்று நம் நாட்டுக்கும் சொந்தம். கேரளா 2010-இல் மாநில மீனாக அறிவித்த கரிமீன் ஒன்று. கையளவுகூட வளராத ஆரஞ்சு குரோமைட் இன்னொன்று. மலையாளிகள் பள்ளத்தி என்பார்கள். மூன்றாவது கர்நாடகத்து ஆறுகளில் இருக்கிறது. இந்தக் குடும்பத்து மீன்களை நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணம், முட்டையையும் குஞ்சையும் இவை விட்டுவிட்டுப் போகாமல் காப்பதுதான். பள்ளத்தியில் அப்பா அம்மா இரண்டும் காவல் நிற்கும். அவற்றின் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் குஞ்சுகள் கொத்தித் தின்னும். டிஸ்கஸ் என்கிற சிக்லிட்டிலும் அதே கதை. பிள்ளை வளர்ப்பில் இரண்டு பேருக்கும் வேலை இருப்பதால்தான் துணை தேர்வதில் இவ்வளவு கறாராக இருக்கின்றன.

மீனைப் பார்ப்பதற்கு முன்னால் உன் வீட்டுத் தண்ணீரைப் பார். நம் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரே தெருவில் இரண்டு விதத் தண்ணீர் உண்டு. குழாயில் வருவது ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர், இல்லையென்றால் காவிரித் தண்ணீர். போர்வெல்லில் வருவது வேறு. நாம் பொத்தாம் பொதுவாக "உப்புத் தண்ணி" என்று சொல்லிவிடுகிறோம். மீனுக்கு அது போதாது. காய்ச்சின பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது கால்சியம், மெக்னீசியம். அந்தக் கடினத்தன்மை சில மீனுக்கு நல்லதே. வாயில் வைத்தால் கரிக்கிறதே, அது சோற்றுப்பு. அது ஏறின தண்ணீர் நன்னீர் மீன் பலவற்றுக்கும் ஆகாது. தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிய பக்கங்களில் நிலத்தடி நீர் கெட்டுக் கிடப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தப் போர் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவராதே. டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள். மீன் கடையிலும் கிடைக்கும், ஆர்ஓ மிஷின் ரிப்பேர் செய்கிறவரிடமும் கிடைக்கும்.

குழாய்த் தண்ணீர் 300-க்குள் காட்டினால் ஏஞ்சல் வளர்க்கலாம். படிவு கட்டும் போர் தண்ணீர்தான் உண்டு, ஆனால் கரிப்பு இல்லை என்றால் கான்விக்ட் என்கிற சிக்லிட் வளர்க்கலாம். ஆப்பிரிக்க மலாவி ஏரியின் மஞ்சள் மீன்களும் அந்தத் தண்ணீரில் சந்தோஷமாக இருக்கும். லேசாகக் கரிக்கிறது என்றால் நம்முடைய பள்ளத்தி இருக்கிறது. கடலோரக் காயலிலும் கழிமுகத்திலும் வாழ்ந்து பழகின மீன் அது. ராம், டிஸ்கஸ் என்கிற சிக்லிட் இரண்டும் மெத்தென்ற தண்ணீர் கேட்கிறவை. ஆர்ஓ தண்ணீரைக் கலந்து கலந்து மாதக்கணக்கில் சமாளிக்கத் தெம்பு இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போ. முதல் தொட்டிக்கு வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் விட்டு ஊற்று. அவசரத்துக்குக் கடையில் ஆன்டி குளோரின் கிடைக்கும்.

தொட்டி, ஆறு ஏஞ்சலுக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உயரத்தில் குறைக்காதே, ஏஞ்சலின் செட்டை மேலும் கீழும் நீளுகிறது, குட்டைத் தொட்டியில் வளைந்துபோகும். இந்த அளவில் ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் கால் டன்னை நெருங்கும். பழைய கட்டைக்குத்து மாடி வீட்டில் நடுத் தளத்தில் இதை வைக்காதே. கீழ்த் தளத்தில், சுவரை ஒட்டி, வாசல் வெயில் நேராக விழாத இடத்தில் வை. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் தண்ணீர் கொதித்துவிடும், மார்கழியில் குளிர்ந்துவிடும். தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டரை 27 டிகிரியில் வைத்துவிட்டால் பனிக்காலம் கவலை இல்லை. கோடையில் தண்ணீர் மட்டத்தின் மேல் படுகிற மாதிரி சின்ன ஃபேன் ஒன்று போதும். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப்பைக் கட்டாயம் வாங்கிக்கொள்.

தொட்டி வாங்கின அன்றைக்கே மீன் விடாதே. மீன் கழிவில் வரும் அமோனியாவை முறித்து நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கிறவர் வீட்டிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கிற ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்றை வாங்கிப் போட்டால் காலம் குறையும். அந்த வீட்டுத் தொட்டியில் நோய் இல்லையே என்று பார்த்து வாங்கு.

இப்போது கடைக்குப் போகலாம். தமிழ்நாட்டில் வண்ண மீன் வியாபாரத்துக்குச் சென்னை கொளத்தூர்தான் பேர்போன இடம். அங்கே வளர்த்த குஞ்சுகள் ஆக்சிஜன் அடைத்த பையில், தெர்மாகோல் பெட்டியில் ராத்திரியோடு ராத்திரியாக ஊர் ஊருக்குப் போகின்றன. வந்து இறங்கின அன்றைக்குக் குஞ்சு எல்லாம் களைத்திருக்கும். நல்லது எது, நோயாளி எது என்று தெரியாது. "சரக்கு எப்ப வந்துச்சுண்ணே?" என்று கேள். நாலைந்து நாள் கழித்துப் போய், உயிரோடு துள்ளுகிறதைப் பார்த்து எடு.

ஏஞ்சல் குஞ்சின் உடம்பு, செட்டையைச் சேர்க்காமல், ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு வந்திருக்கட்டும். அதைவிடச் சிறிசு என்றால் அலைச்சல் தாங்காது. கண்ணைக் கவனி. உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண் இருந்தால் அது வயதேறியும் வளராமல் போன மீன். தீனி போட்டாலும் இனி தேறாது. செவுள் மூடி முழுசாக மூடுகிறதா என்று இரண்டு பக்கமும் பார். நெருங்கின உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக முட்டை எடுத்ததில் செவுள் மூடி குறைந்த குஞ்சு நிறைய வருகிறது. வயிற்றுக்குக் கீழே தொங்குகிற இரண்டு நீள இழைகளும் நேராக, ஒரே நீளமாக இருக்க வேண்டும். முதுகுச் செட்டை விரிந்து நிற்க வேண்டும். வயிறு ஒட்டிப்போய், வெள்ளையாக நூல் போலக் கழிகிறது என்றால் குடலில் கிருமி. கறுத்துப்போய் மூலையில் நின்று மூச்சு வாங்குகிறது என்றாலும் வேண்டாம். ஒரு தொட்டியில் செத்த மீன் ஒன்று கிடந்தால், அதே தொட்டியில் மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடு.

எதிரில் தீனி போடச் சொல்லிப் பார்க்கத் தயங்காதே. நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். ஓடிவந்து முதலில் வாய் வைக்கிற குஞ்சுகளிலிருந்து எடு. ஆனால் இருப்பதிலேயே பெரிய ஆறையும் பொறுக்காதே. கான்விக்ட் மாதிரி வகைகளில் ஆண் வேகமாக வளரும். பெரிசு பெரிசாகப் பொறுக்கினால் ஆறும் ஆணாக வந்து நிற்கும். நடுத்தரத்திலும் இரண்டு மூன்று சேர்த்துக்கொள். ஒரே தாய் வயிற்றுக் குஞ்சாக இல்லாமல் இருக்க, மூன்றை நம் ஊரிலும் மூன்றை மதுரையிலும் வாங்குவது நல்லது. மதுரை என்ன தூரம், 65 கிலோமீட்டர். சாயம் ஏற்றின மீன், பச்சை குத்தின மாதிரி ஊசி போட்ட மீன் எதையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே. அந்தக் கொடுமைக்கு நம் காசு போகக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்க விடு. பிறகு பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்கி, மீனை மட்டும் வலையில் எடுத்து விடு. கடைத் தண்ணீர் வீட்டுத் தொட்டியில் ஒரு சொட்டும் விழ வேண்டாம். இரண்டு கடைக் குஞ்சுகள் என்றால் தனித்தனி டப்பில் மூன்று வாரம் வைத்து, வெள்ளைப் புள்ளி, செட்டை அழுகல் எதுவும் இல்லை என்று உறுதியானபின் சேர்.

வளரும் காலத்தில் பெரிய வேலை எதுவும் இல்லை, ஒழுங்குதான் வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே சூட்டில் பழகின தண்ணீர் ஊற்று. நாளைக்கு இரண்டு மூன்று வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு தீனி. குருணைத் தீனியோடு, வேகவைத்துத் தோல் உரித்த பட்டாணியை நசுக்கிக் கொடு. சாக்கடைப் புழு என்று விற்கிற டியூபிஃபெக்ஸ் உயிரோடு வேண்டாம், நோயைக் கொண்டுவரும். கொசுப்புழு மீனுக்கு அருமையான தீனிதான், ஆனால் அதற்காக வீட்டில் தண்ணீர் தேக்கி வைக்காதே. டெங்கு காலத்தில் அது அக்கம்பக்கத்துக்குச் செய்கிற துரோகம்.

ஏஞ்சல் ஜோடி சேர எட்டு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகும். கான்விக்ட் ஐந்தாறு மாதத்திலேயே தயார். கான்விக்டில் அடையாளம் காண்பதும் சுலபம்: பெண்ணுக்கு வயிற்றில் ஆரஞ்சு நிறம் ஏறும், உடம்பும் சிறிசு, ஆணுக்கு முதுகுச் செட்டையின் முனை நீளும், வயதேறினால் நெற்றி புடைக்கும். ராமில் பெண்ணுக்கு வயிறு ரோஜா நிறம். ஏஞ்சலில் இப்படி எதுவும் கிடையாது. முட்டை இடுவதற்கு இரண்டொரு நாள் முன்னால், அடிவயிற்றில் சின்னக் குழல் ஒன்று வெளியே நீளும். கூராக, ஒல்லியாக இருந்தால் ஆண். மொட்டையாக, தடித்து இருந்தால் பெண். ஏஞ்சலில் நம்பக்கூடிய அடையாளம் அது ஒன்றுதான். நெற்றி எடுப்பாக இருந்தால் ஆண், வயிறு உப்பினால் பெண் என்று சொல்வதையெல்லாம் வைத்துப் பணத்தைப் போடாதே.

ஜோடி சேர்கிறதைக் கண்டுபிடிக்க, காலையிலும் சாயங்காலத்திலும் தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். முதலில் இரண்டு மீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். மற்ற நான்கும் அந்தப் பக்கம் வந்தால் இரண்டும் சேர்ந்து விரட்டும். ஒன்று விரட்டுவதில் அர்த்தம் இல்லை, அது வெறும் ரவுடித்தனம். இரண்டும் ஒன்றாக விரட்டுவதுதான் நீ எதிர்பார்க்கிற அடையாளம். எதிரும் புதிருமாக நின்று உடம்பைச் சிலிர்க்கும். வாயோடு வாய் கவ்வி இழுக்கும். அதைப் பார்த்துப் பயந்து பிரித்துவிடாதே; ஒன்றின் பலத்தை ஒன்று சோதித்துப் பார்க்கிறது. பிறகு ஏதாவது ஓர் இடத்தை இரண்டும் மாறி மாறிக் கொத்திச் சுத்தம் செய்ய ஆரம்பிக்கும். குழலும் வெளியே தெரிந்தால் முட்டை நாளைக்கோ மறுநாளோ.

அந்த இடத்தை நீயே முன்கூட்டி வைத்துக் கொடுக்கலாம். பழைய கல் சிலேட்டு கிடைத்தால் சட்டத்தைக் கழற்றிவிட்டு, கழுவிச் சாய்த்து வை. ஏஞ்சல் செங்குத்தான இடத்தைத்தான் தேடும். இரண்டு அங்குல பிவிசி பைப்பைத் தண்ணீருக்குள் அடங்கும்படி நறுக்கி நிறுத்தினாலும் போதும். கான்விக்டுக்கு மண் பூந்தொட்டியைப் படுக்கப் போடு, குகை மாதிரி உள்ளே போய் இடும். எந்தக் கல்லையும் ஏஞ்சல் தொட்டியில் போடுவதற்கு முன் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கடினமாக்கிவிடும். மலாவி மீனுக்கு என்றால் அதே கல் நல்லது.

ஜோடி உறுதியானதும் பலர் ஜோடியைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றுகிறார்கள். என்னைக் கேட்டால், மற்ற நான்கையும் எடுத்துவிட்டு ஜோடியை அங்கேயே விடு. அவை பிடித்து வைத்திருக்கிற மூலைதான் அந்த உறவுக்கே பிடிமானம். இடம் மாற்றினால் சில நேரம் மனசும் மாறிவிடுகிறது. அதனால் ஆறு குஞ்சு வாங்கும்போதே மிச்ச நான்கு எங்கே போகும் என்று பேசி வைத்துக்கொள். நன்றாக வளர்ந்த ஏஞ்சலைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடைக்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

ஒரு மீன் மட்டும் மேல் மூலையில் ஒண்டிக்கொண்டு, செட்டை கிழிந்து, தீனிக்கு வராமல் இருந்தால் காத்திருக்காதே, உடனே பிரி. சண்டையில் தோற்ற மீனுக்கு ஆற்றில் ஓடிப்போக இடம் உண்டு, கண்ணாடிக்குள் கிடையாது. நடுவில் துளை போட்ட பிளாஸ்டிக் தடுப்பு வைத்து, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும்படி பத்து நாள் விட்டுப் பார்க்கலாம். தடுப்பை எடுத்ததும் மறுபடி பாய்ந்தால், அந்தச் சம்பந்தத்தை விட்டுவிடு.

முதல் முட்டையைப் பெற்றவையே தின்றுவிடும். பதறாதே, இளம் ஜோடிகள் பெரும்பாலும் அப்படித்தான். மறுபடி இரண்டு மூன்று வாரத்தில் இடும். நாலைந்து தடவை போனால் காவல் காக்கப் பழகிவிடும். முட்டை முழுக்க இரண்டே நாளில் வெள்ளையாகிவிட்டால் கரு பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அப்படி என்றால், உன் ஜோடி இரண்டும் பெண்ணாக இருக்கலாம். ஏஞ்சலில் இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்து, சுத்தம் செய்து, முட்டையும் இட்டு, காவலும் காக்கும். குழலைப் பார்த்து முடிவு செய். கரு பிடித்தது 28 டிகிரியில் இரண்டரை நாளில் பொரியும். முட்டை இட்ட ஏழெட்டு நாளில் குஞ்சு நீந்த ஆரம்பிக்கும். அன்றைக்கு அதற்குத் தீனியாக ஆர்ட்டீமியா என்கிற நுண் இறாலின் குஞ்சு கையில் இருக்க வேண்டும். லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு கரைத்து, காற்று விட்டு, ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டால் ஒரு நாளில் பொரிந்துவிடும். ஆகவே முந்தின நாளே ஆரம்பித்துவிடு.

இந்த ஆறு குஞ்சுக் கணக்கு மலாவி மீனுக்குப் பொருந்தாது. அவை ஜோடி வாழ்க்கை வாழ்கிறவை இல்லை. ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் இருந்தால்தான் ஒரே பெண்ணை விரட்டிச் சாகடிக்காமல் இருக்கும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு குஞ்சு எடுத்து, வளர்ந்தபின் மிச்ச ஆண்களை விலக்க வேண்டும். பெண் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். வாஸ்துவுக்கு என்று வீடு வீடாக வைக்கிற ஃபிளவர்ஹார்ன் 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உண்டாக்கியது. அதில் நிறைய ஆண்களுக்கு வித்தே கிடையாது, மூர்க்கமும் அதிகம். அதைத் தனியாக வை. ஜோடி ஆசையே வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு நல்ல ஜோடி வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் குஞ்சு கொடுக்கும். இடம் பற்றவில்லை என்று குடகனாற்றிலோ கண்மாயிலோ கிணற்றிலோ கொண்டுபோய் விட்டுவிடாதே. நம் அணைகளிலும் ஏரிகளிலும் இன்றைக்கு வலை போட்டால் வருகிற ஜிலேபி மீனும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சிக்லிட்தான். 1952-இல் வளர்ப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். குளத்துக்குக் குளம் பரவி, நம் நாட்டுக் கெண்டைகளின் தீனியையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. இனி அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. அதனால் தம்பி, குஞ்சு அதிகமானால் கடையில் கொடு, மீன் வளர்க்கிற பிள்ளைகளுக்குக் கொடு. அதற்கும் ஆள் கிடைக்கவில்லை என்றால் அடுத்த முட்டையைப் பொரிய விடாமல் சிலேட்டோடு எடுத்துவிடு.